உள்ளதை எழுது

அந்தக் காப்பகத்துக்குள் வருகிற பையனின் பெயர் வாசலோடு நின்றுவிடும். பதிவேட்டில் அவனுக்கு ஓர் எண். பையன்கள் வாயில், அவன் செய்த காரியம். சைக்கிள் எடுத்தவன் சைக்கிள். கடையில் பணப்பெட்டியை உடைத்தவன் கல்லா. தண்ணீர் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நடந்து போனவன் பம்பு. செம்புக் கம்பி அறுத்தவன் செம்பு.

செம்பு வந்தபோது வயது பதினைந்து. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவன் கட்டைவிரலை நீட்டினான். வார்டன் மேசையின் நான்கு இழுப்பறைகளையும் துழாவி மை டப்பாவை எடுத்தார். அது காய்ந்து போயிருந்தது.

"இந்தக் காலத்துல கைநாட்டா? உனக்காக மியூசியத்துக்கு ஆள் அனுப்பணும் போலிருக்கே" என்றார். டப்பாவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது செம்பு கையெழுத்துப் போடுகிறான். செய்தித்தாளைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறான். பையன்களுக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்கிறான். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அந்த வருஷம் காப்பகத்திலிருந்து பெயர் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

வகுப்பு நடந்த அறை முன்பு துணி தேய்க்கிற அறை. நீள மேசைகளின் மேல் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறுப்புத் தடங்கள் இன்னும் இருந்தன. ஜன்னலில் கம்பி, கம்பிக்கு மேல் வலை. பையன்கள் கையில் பேனா கொடுப்பதில்லை. பென்சில்தான், அதுவும் தகர டப்பாவில் எண்ணி வரும். பத்தொன்பது பென்சில். வகுப்பு முடிந்ததும் வார்டன் வாசலில் நின்று எண்ணி வாங்குவார். ஒன்று குறைந்தாலும் யாரும் சாப்பிடப் போக முடியாது. ஒருமுறை பம்பு ஒரு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மறந்துவிட்டான். பதினெட்டுப் பேர் முக்கால் மணி நேரம் தேடினார்கள். பம்புவும் கூடச் சேர்ந்து தேடினான்.

டீச்சர் இரண்டு பஸ் மாறி வருகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிவப்புப் பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கீழே வைத்தால் காணாமல் போகும் என்பதற்காக அல்ல, காணாமல் போனால் ஒரு பையனுக்கு அடி விழும் என்பதற்காக. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. செம்பு தானாகப் பார்த்துப் புரிந்துகொண்டான். அவரை அவன் நம்பத் தொடங்கியது அந்த நூலில்தான்.

மறு ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். பையன்களுக்கு அது கமிட்டி. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை இன்னும் வைத்திருக்கலாம் என்று அதுதான் முடிவு செய்யும். அந்த முறை பட்டியலில் செம்புவின் எண் இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை அக்கா வந்தாள். அவளுக்கு வேறு தம்பி இல்லை, அவனுக்கு வேறு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவள். கல்யாணம் ஆனபோதும் அவனைக் கூடவே கூட்டிப் போனாள். அத்தானுக்குப் பழைய இரும்புக் கடை. அவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். கைகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து டிராலி தள்ள ஆள் வேணுமாம்" என்றாள். "மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். எவ்வளவு நாள் காத்திருப்பாருன்னு தெரியலை. கமிட்டி விட்டுருவாங்கல்ல?"

"விட்டுருவாங்கக்கா. டீச்சர் ரிப்போர்ட் நல்லா இருக்கும்."

"தள்ளுவண்டிதான்டா. பெரிய உத்தியோகம் இல்லை. ஆனா வெளியில."

"அத்தான் எப்படியிருக்காரு?"

"உன்னைப் பாக்க வரவே வெட்கப்படறாரு. வீட்ல வளந்த பையன் இப்படிப் பண்ணிட்டானேன்னு."

செம்பு தலையை ஆட்டினான். அவள் காதில் கம்மல் மின்னியது.

*

அதற்கு ஒரு மாதம் முன்பு டீச்சர் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். தலைப்பு, என் வீடு.

பையன்கள் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் எழுதினார்கள். வாசலில் மரம், அன்பான அம்மா, வாலாட்டும் நாய். கல்லா எழுதிய வீட்டில் இரண்டு நாய். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். "உள்ளதை எழுதுங்கப்பா. ஒரு வரியா இருந்தாலும் பரவாயில்லை. எழுதினவனும் நானும் தவிர வேற யாரும் படிக்க மாட்டாங்க."

செம்பு ஒரு வாரம் எழுதாமல் இருந்தான். பிறகு எழுதினான். வளர்ந்த பின் எழுத்துக் கற்றவனின் கட்டுரை அது. வாக்கியங்கள் சின்னவை.

எங்கள் வீட்டில் ஒரு தராசு உண்டு. அத்தான் எனக்கு இடம் காட்டினார். மூடிப்போன மில். நான் கம்பியை அறுத்தேன். அத்தான் எடை போட்டார். முப்பத்தெட்டு கிலோ. பிடிபட்டபோது யாரோ வழிப்போக்கனிடம் விற்றேன் என்று சொன்னேன். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் அந்த வீட்டில் இருக்க மாட்டாள். அவளுக்கு வேறு வீடு இல்லை.

டீச்சர் அதை அவன் எதிரிலேயே படித்தார். இரண்டு முறை படித்தார். கழுத்து நூலை இழுத்துப் பேனாவை எடுத்தார். அடியில் ஒரு சொல் எழுதினார். நன்று.

அன்று செம்புவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இரண்டு வருஷம் தூக்கிச் சுமந்த மூட்டையின் ஒரு முனையை இன்னொருவர் பிடித்துக்கொண்டது போல.

*

கமிட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புவியியல் வகுப்பு.

வரைபடம் வரைய டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். அலுவலகத்துக்கு எதை எழுதினாலும் மூன்று நகல் கேட்பார்கள். அறிக்கைத் தாளுக்கு அடியில் கார்பன் தாள் வைத்து எழுதுவார். அந்தக் கார்பன்களைத் தூக்கிப்போடாமல் வகுப்புக்குக் கொண்டுவருவார். வரைபடத்துக்கு அடியில் கார்பன், அதற்கு அடியில் நோட்டு. பென்சிலால் ஓரத்தை ஓட்டினால் ஆறும் மலையும் நோட்டில் விழும். நோட்டுக்கே பஞ்சமான இடத்தில் அது பெரிய சொத்து. பழைய கார்பன்கள் சல்லடைக் கண்ணாகியிருக்கும். பம்புவின் ஆறு எப்போதும் நடுவழியில் வற்றிவிடும்.

"இந்தா, இது புதுசு. ஒரே தடவை எழுதினது. நல்லா விழும்" என்று டீச்சர் ஒரு தாளைத் தனியாக எடுத்துச் செம்புவிடம் கொடுத்தார்.

"எங்களுக்கெல்லாம் ஓட்டை, அவனுக்கு மட்டும் புதுசு" என்றான் பம்பு. "மாப்பிள்ளைக்குத் தனிப் பந்தி."

செம்பு தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனான். எந்தப் பக்கம் மை இருக்கிறது என்று பார்க்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

எழுத்துகள் தெரிந்தன. கறுப்புத் தாளில் வெளிச்சத்தால் எழுதியது போல. டீச்சரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் அவன் அகரம் தொடங்கிப் படித்தான். அதில் அவனுக்குத் தடுமாற்றம் இல்லை.

மேலே அவன் எண் இருந்தது.

'மாணவன் கல்வியில் மிகுந்த முன்னேற்றம் கண்டுள்ளான். எதையும் மறைக்காமல் எழுதும் பண்பு அவனிடம் வளர்ந்துள்ளது. அவன் தன் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளபடி, அவனைக் குற்றத்துக்கு அனுப்பியவர் அவனுடைய சகோதரியின் கணவரே ஆவார். ஆகவே அவ்வீட்டுக்கு அவனைத் திருப்பி அனுப்புவது உகந்ததல்ல. தேர்வு முடியும்வரை, மேலும் ஆறு மாதம், காப்பகத்திலேயே வைத்திருக்குமாறு பரிந்துரைக்கிறேன். கட்டுரை இணைக்கப்பட்டுள்ளது.'

அவன் அதை மூன்று முறை படித்தான். இரண்டாம் முறை புரிந்தது. மூன்றாம் முறை, புரிந்தது தவறாக இருக்காதா என்று படித்தான்.

"என்னடா, ஆறு எங்க ஓடுதுன்னு தேடறியா?" என்று பம்பு பக்கத்தில் வந்தான்.

செம்பு வாய்க்குள்ளேயே படித்துக் காட்டினான். பம்புவுக்குப் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் ஆறு மாதம் விளங்கியது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க" என்றான் பம்பு. "நீ கையால கெட்டே. உன்னை எவன்டா உண்மையை எழுதச் சொன்னான்?"

"அவங்கதான்."

"நீ போயிட்டா பரீட்சைக்கு யாரு இருக்கா? ஒருத்தனும் எழுதலைன்னா கிளாஸை மூடிருவாங்களாம். வார்டன் போன்ல பேசறப்ப கேட்டேன். வேலை போயிரும்டா அவங்களுக்கு."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லை."

"சரி, இல்லை. அப்ப ஏன் எழுதினாங்க?"

செம்பு ஜன்னலை விட்டு நகர்ந்தான். தாளைத் திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். உடனே கேட்டுவிடவில்லை. ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவர் தனக்குக் கொடுத்தது எத்தனையோ.

"டீச்சர், பரிந்துரைன்னா என்ன?"

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "ஒருத்தருக்கு இது நல்லதுன்னு நினைச்சு, அவருக்காக இன்னொருத்தர்கிட்ட சொல்றது."

"அந்த ஒருத்தர்கிட்ட கேக்காமலேயா?"

துடைப்பான் நின்றது. அவர் திரும்பினார். மேசையையும் அதன் மேலிருந்த கார்பனையும் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கீங்க, டீச்சர்?"

"நல்லதாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டினார். "நீ படிக்கற வேலையைப் பாரு."

கார்பனை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வகுப்புக்குக் கார்பன் வரவில்லை.

*

கமிட்டிக்கு யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். வார்டன் மேசைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு பெட்டி உண்டு. பூட்டுப் போட்டது. அதில் மனுவை விடப் பூச்சிதான் அதிகம் இருக்கும் என்பார்கள்.

செம்பு நான்கு நாள் யோசித்து மனு எழுதினான். மூன்று முறை அடித்து எழுதினான். விடுநர், பெறுநர், பொருள், ஐயா அம்மையீர் என்று எல்லாம் அதனதன் இடத்தில் வைத்தான். கட்டுரையில் எழுதியது முழுவதும் கற்பனை என்று எழுதினான். மதிப்பெண்ணுக்காக எழுதியது, என் அத்தானுக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை, நான் திருந்திவிட்டேன், எனக்கு ஒன்றாம் தேதியிலிருந்து வேலை தயாராக உள்ளது, என் அக்கா எனக்காகக் காத்திருக்கிறாள். கடைசி வரியை மட்டும் பொய் சேர்க்காமல் எழுதினான். 'அக்காவின் எதிரில் அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.'

வார்டன் அவன் பெட்டியில் போடுவதைப் பார்த்தார்.

"என்னடா, வக்கீலாயிட்டியா?"

"ஆமாம் சார். மை டப்பா வேண்டாம்."

வார்டன் சிரித்தார். அவனும் சிரித்தான். அந்த மனு தன்னைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினான். அவன் எழுதியவற்றிலேயே சிறந்தது அது.

*

கமிட்டி கண்காணிப்பாளர் அறையில் கூடியது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், கண்ணாடி போட்ட அம்மாள். ஒரு பக்கம் மருத்துவர். மறுபக்கம் ஓய்வு பெற்ற அதிகாரி, அவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தாள்களைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் பெஞ்சில் அக்கா. மடியில் ஒரு துணிப்பை, அதில் மடித்த சட்டை தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் டீச்சர். சிவப்புப் பேனா கழுத்தில் இருந்தது.

தலைவர் மனுவைக் கையில் எடுத்தார்.

"இது நீயே எழுதினதா?"

"ஆமாம்மா."

"யாரும் சொல்லச் சொல்ல எழுதலையே?"

"இல்லம்மா. எழுதக் கத்துக் கொடுத்தது டீச்சர். இதை எழுதினது நான்."

தலைவர் மருத்துவரிடம் தாளை நீட்டினார். மருத்துவர் படித்துப் புருவத்தை உயர்த்தினார். அதிகாரி ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் வாங்கினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கைநாட்டுன்னு போட்டிருக்கு" என்றார். "நம்ப ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கே இப்படி எழுத வராது."

செம்புவின் முதுகில் வியர்வை ஆறியது. அக்காவைப் பார்த்தான். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். என் தம்பி என்று எல்லோரிடமும் சொல்கிற சிரிப்பு.

"இதைப் பாத்த பிறகு எனக்கு ஒண்ணுதான் தோணுது" என்றார் தலைவர். "இவ்வளவு தூரம் வந்த பையன். இன்னும் ஆறு மாசம். நடுவுல அனுப்பி, டிராலி தள்ள விட்டா, படிப்பு அவ்வளவுதான். பாவமில்லையா? டீச்சர் எழுதினது சரின்னு இந்த மனுவே சொல்லுதே."

செம்புவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மனுவைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

"வீட்டு விஷயமும் இருக்கு" என்றார் அதிகாரி. "கட்டுரை."

"என்ன கட்டுரை?" என்றாள் அக்கா.

"அம்மா, நான் மனுவில கேட்டிருக்கேன்" என்றான் செம்பு. "கடைசி வரி."

தலைவர் மனுவின் கடைசி வரியைப் பார்த்தார். "பாத்தேன்ப்பா. ஆனா அவங்கதான் உன்னைப் பொறுப்பெடுக்க வந்திருக்காங்க. எந்த வீட்டுக்கு உன்னை அனுப்பறோம்னு அவங்களுக்குத் தெரியாம எப்படி?"

அவர் படித்தார். மோசமான குரல் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் விட்டுப் படித்தார். எங்கள் வீட்டில் ஒரு தராசு உண்டு. செம்பு அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு கிலோ என்றபோது அவை பையை விட்டன. அவளுக்கு வேறு வீடு இல்லை என்றபோது பை மடியிலிருந்து சரிந்தது. அவள் எடுக்கவில்லை.

"கற்பனைம்மா" என்றான் செம்பு. "மார்க்குக்கு எழுதினது. எல்லாம் பொய்."

"டீச்சர்?" என்றார் தலைவர். "நீங்க சொல்லுங்க. கற்பனையா இருக்க வாய்ப்பிருக்கா?"

செம்பு டீச்சரைப் பார்த்தான். இருக்கலாம் என்ற ஒரு சொல் போதும். தெரியாது என்றால்கூடப் போதும். இரண்டு வருஷத்தில் அவரிடம் அவன் எதையும் கேட்டதில்லை. கண்ணால் அதைக் கேட்டான்.

டீச்சர் எழுந்து நின்றார். பேனாவைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"கற்பனையா எழுத நான் சொல்லிக் கொடுக்கலைங்க" என்றார். "அவன் எழுத்துல பொய் எழுத மாட்டான்."

பெருமையாகத்தான் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் செம்புவால் பிறகும் மன்னிக்க முடியவில்லை.

*

வெளியே நடைபாதையில் ஐந்து நிமிஷம் பேச விட்டார்கள். வார்டன் தள்ளி நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கீழே சரிந்த துணிப்பையை எடுத்து வந்து தூசி தட்டினாள். பிறகு, "முப்பத்தெட்டு கிலோவா?" என்று கேட்டாள்.

"ம்."

"கடை நல்லா ஓடுதுன்னு சொன்னாரு. அந்த மாசம்தான் இதை வாங்கிக் கொடுத்தாரு." அவள் கை காதுக்குப் போனது. கம்மலைத் தொடாமல் இறங்கியது. "ரெண்டு வருஷமா இதை மாட்டிக்கிட்டுத்தான் உன்னைப் பாக்க வந்திருக்கேன்."

"அக்கா..."

"நீ பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

"சொன்னா நீ எங்கக்கா போவே?"

"இப்ப மட்டும் எங்கடா போவேன்?"

அவன் தலை குனிந்தான்.

"தூக்கி வளத்தவகிட்ட சொல்ல வாய் வரலை. நேத்து வந்த டீச்சர்கிட்ட எழுதத் தெரிஞ்சிருக்கு. வீட்ல ஒருத்தர் என் தலையில கல்லைப் போட்டாரு, நீ அதைப் பத்திரமா மூடி வச்சே. யாரைன்னு நான் திட்டறது?"

"நான் உனக்காகத்தான்..."

"எல்லாரும் எனக்காகத்தான்" என்றாள். "அவரும் அப்படித்தான் சொல்லுவாரு பாரு."

வார்டன் தொண்டையைக் கனைத்தார். அக்கா துணிப்பையை அங்கிருந்த பெஞ்சின் மேல் வைத்தாள். உள்ளே நீலச் சட்டை. டிராலி தள்ளுகிறவர்கள் போடுவது.

"மேஸ்திரிகிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள். படியில் இறங்கினாள். கடைசிப் படியில் நின்று ஒரு கம்மலைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்ற முடியவில்லை, திருகு இறுகியிருந்தது. ஒற்றைக் கம்மலோடு கேட்டைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சர் அவனை நிறுத்தினார்.

"கோவமா?"

செம்பு பென்சிலை டப்பாவில் போட்டான்.

"அந்த ஆள் திரும்பவும் உன்னை அனுப்பியிருப்பான். அடுத்த தடவை நீ சிறுவன் இல்லை. பெரியவங்க ஜெயிலு. அதை நினைச்சுதான் எழுதினேன்."

"படிக்கறது நீங்களும் நானும் மட்டும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பறம்?"

"நீ என்ன எழுதப் போறேன்னு அப்ப எனக்குத் தெரியாது" என்றார் டீச்சர்.

அது நேர்மையான பதில். அவர் எப்போதும் நேர்மையாகத்தான் இருந்தார். செம்பு இன்னும் ஒன்று கேட்க நினைத்தான். வகுப்பை மூடிவிடுவார்கள் என்பது உண்மையா என்று. கேட்டால் அதற்கும் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று பயந்தான். கேட்கவில்லை.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அக்கா வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. மூன்றாம் மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. யாரையோ விட்டு எழுதியிருந்தாள். நான் இப்போது ஆஸ்பத்திரிப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நான்கு பேருக்கு மூன்று கட்டில். உடம்பைப் பார்த்துக்கொள். விலாசம் எழுதவில்லை.

செம்பு அதைத் தானே படித்தான். கைநாட்டாக இருந்திருந்தால் யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள். படிப்பவன் இரக்கப்பட்டு இரண்டு வரி கூட்டிச் சொல்லியிருக்கலாம். அவனே மற்றவர்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறான்.

*

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மாதிரித் தேர்வு வைத்தார்கள். செம்புவுக்குத்தான் தேர்வு. மற்றவர்களும் பழக்கத்துக்காக எழுதினார்கள். கடைசிக் கேள்வி கட்டுரை, இருபது மதிப்பெண். வினாத்தாள் மேலிடத்திலிருந்து அச்சிட்டு வந்தது. தலைப்பு, என் வீடு.

டீச்சர் அதைப் பலகையில் எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதி முடித்தார்.

செம்பு நிறுத்தாமல் எழுதினான். பத்தே நிமிஷம். எழுந்து கொண்டுபோய்க் கொடுத்தான்.

எங்கள் வீட்டின் வாசலில் ஒரு மரம் உண்டு. அதன் நிழலில் என் அத்தான் செய்தித்தாள் படிப்பார். என் அக்கா எந்நேரமும் சிரித்த முகத்துடன் இருப்பாள். மாடியில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. நாங்கள் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைப்பதில்லை. அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் வீடு ஒரு கோயில்.

ஒரு பக்கம் நிறைய இருந்தது. நிறுத்தக்குறிகூடத் தவறவில்லை.

டீச்சர் படித்தார். இரண்டாம் முறை படிக்கவில்லை.

"இது யாரு வீடு?" என்றார். குரல் மேசையைத் தாண்டவில்லை.

"பரீட்சைக்கு எழுதின வீடு, டீச்சர்."

அவர் பேனாவை நூலோடு இழுத்தார். தவறு தேடிப் போனது பேனா. வரிக்கு வரி போய், ஒன்றும் கிடைக்காமல் கடைசி வரியில் வந்து நின்றது. இருபதுக்குப் பதினெட்டு என்று போட்டார். அடியில் எதுவும் எழுதவில்லை.

செம்பு தன் இடத்துக்குத் திரும்பினான். பம்பு எட்டிப் பார்த்தான்.

"எவ்வளவுடா?"

"பதினெட்டு."

"மரம் வச்சியா?"

"வச்சேன். மாடியும் கட்டினேன்."

"அப்படிப் போடு." பம்பு நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தான். அடுத்த கமிட்டியில் அவன் எண் இருந்தது. "டேய், எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுடா. கமிட்டிக்கு. நாய் எல்லாம் வேண்டாம், நம்ப மாட்டாங்க. சும்மா ஒரு நல்ல வீடு. எங்க வீட்ல என்னன்னா, எங்கப்பா..."

"சொல்லாதே" என்றான் செம்பு.

"என்னது?"

"உன் வீட்டைப் பத்தி என்கிட்ட எதுவும் சொல்லாதே."

பென்சில் முனை மழுங்கியிருந்தது. அதை மேசையின் சுட்ட தடத்தில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டான். வெற்றுத் தாள் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தான்.

"நானே ஒரு வீடு எழுதித் தர்றேன்" என்றான்.